படிகள் மலையில் முளைத்தவை அல்ல: நீலகிரியின் பூங்காக்களைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் பூங்காக்களையும் காட்சிமுனைகளையும் நடைபாதைகளையும் திட்டமிடும், கட்டும், பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

போன மாதம் எனக்கு ஒரு பதில் கடிதம் வந்தது. மொத்தம் ஆறு வரி. புதுப்பித்துத் திறந்த ஒரு காட்சிமுனைக்குள் வீல்சேரில் போக முடியவில்லை என்று நான் கொடுத்த மனுவுக்கு, நான்கு மாதம் கழித்து வந்த பதில் அது. மலைப்பாங்கான நில அமைப்பு காரணமாக மேற்கொண்டு வசதி செய்ய இயலாது என்று இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதையும் குறிப்பிட்டிருந்தார்கள். கடைசி வரியில், தேவைப்பட்டால் பணியாளர்கள் தூக்கிச் சென்று உதவுவார்கள் என்று எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எந்தக் காட்சிமுனை, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தில் மட்டும் எதையாவது செய்துவிட்டு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அது போதாது. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த பல இடங்களில் இதே கதைதான்.

நான் குன்னூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். அப்பா ரோடு மேஸ்திரி. 2013-ல் ஒரு மழை நாளில் நான் வந்துகொண்டிருந்த ஜீப் வளைவில் உருண்டது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றில் இருந்து வீல்சேர். இப்போது வீட்டில் இருந்தபடியே ஒரு இலை ஏஜெண்டுக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிறேன். யாருக்கு எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம், எவ்வளவு பாக்கி என்று நாள் முழுக்க எண்களோடு இருப்பவள். அதனால் நான் சொல்வதையும் அளந்தே சொல்கிறேன்.

அந்தக் காட்சிமுனையில் நடந்தது இது. ஒரு சனிக்கிழமை. தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஏழு வயது மகள், அம்மா, நான் என்று ஐந்து பேர் போனோம். புதுப்பித்திருக்கிறார்கள், சாய்தளம் எல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பினோம். வாசலில் புதிதாக ஒரு சுழல் கேட். அதற்குள் என் வண்டி நுழையாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. அதுவரை டிக்கெட் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனால் பேவர் பிளாக் தரை. பரவாயில்லை, உருண்டது. இருபது அடி தாண்டியதும் குறுக்கே மழைநீர் வடிகால். மேலே இரும்புக் கம்பிகளை வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் பதித்திருந்தார்கள். என் முன்சக்கரம் சரியாக அந்த இடைவெளியில் இறங்கி மாட்டிக்கொண்டது. தம்பி பிடித்திருக்காவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பேன். அந்தக் கம்பிகளைக் குறுக்குவாக்கில் பதித்திருந்தால் சக்கரம் மேலேயே ஓடியிருக்கும். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை.

அப்புறம் அந்தச் சாய்தளம். காட்சி மேடைக்கு ஏற ஆறு படி. ஓரத்தில் சாய்தளம், அதன் பக்கத்தில் நீல நிறப் பலகையில் வீல்சேர் படம். என் தம்பி கொத்தனார். அவன் பையில் எப்போதும் டேப் இருக்கும். படிகளின் மொத்த உயரம் 90 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 3 மீட்டர் 10 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், ஏறக்குறைய மூன்றரை அடி முன்னால் போனால் ஒரு அடி உயரும் ஏற்றம். விதிப்படி 12 அடிக்கு ஒரு அடிதான் உயரலாம். அதாவது 90 சென்டிமீட்டர் ஏறுவதற்குக் குறைந்தது 10 மீட்டர் 80 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இங்கே இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலே வழவழப்பான கிரானைட் வேறு. குன்னூர் மழையில் கிரானைட் சரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி என்னைத் தள்ளிக்கொண்டு ஏற முயன்றான். பாதியில் அவன் செருப்பு வழுக்கியது. வண்டி பின்னால் சரிந்தது. இரண்டு பேரும் உருளாமல் கீழே வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

அந்தச் சாய்தளத்துக்குப் பக்கத்திலேயே ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்துகளில் நிறுத்தி, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அதன் நீளத்தையும் தம்பி அளந்தான். 12 மீட்டர். இடம் இருந்தது. அந்த இடத்தை எதற்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தபோது எங்களை யாரும் நினைக்கவில்லை.

அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. படிகளைப் பார்த்ததுமே, "நான் இவகூட இங்கயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இந்த மலைச்சரிவு ஒவ்வொன்றையும் முப்பத்திரண்டு வருடம் முதுகில் கூடையோடு ஏறி இறங்கிய பெண்மணி. அவரும் நானும் கழிவறைச் சுவரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பி மகள் ஓடி வந்து போனைக் காட்டினாள். "அத்தை, உங்களுக்காக ஜூம் பண்ணி எடுத்தேன்." பள்ளத்தாக்கும், கீழே ஒரு வெள்ளைக் கோடாக அருவியும், தூரத்தில் சமவெளியும் அந்தப் படத்தில் இருந்தன. அந்த இடத்தில் இருந்து நேராகப் பத்து மீட்டர் தூரத்தில் நான் இருந்தேன்.

இப்போது தூக்கிச் செல்வதைப் பற்றி.

நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே போனாலும் யாராவது, "நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம்மா" என்று முன்வருவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தூக்கினால் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருடம் முன்னால் வேறொரு பூங்காவில் நான்கு பேர் என்னை வண்டியோடு தூக்கிப் படியில் ஏற்றினார்கள். ஒருவர் கால்மிதிப் பலகையைப் பிடித்துத் தூக்கினார். அது கழன்று கையோடு வந்துவிட்டது. வண்டி சாய்ந்தது, என் இடது கால் கல் விளிம்பில் உரசியது. எனக்கு வலி தெரியாது. யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, பூவெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ராத்திரி அம்மா காலுறையைக் கழற்றியபோது அது ரத்தத்தில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. குதிகாலில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் பெயர்ந்திருந்தது. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் லேசில் ஆறாது. மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான் வெளியே எங்கும் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் நாற்பது வயதை நெருங்கும் பெண். என் உடம்பை யார் தொடுவது, எங்கே பிடிப்பது என்பது என் முடிவாக இருக்க வேண்டும். உடையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் போன்கள் நீண்டிருக்க, முன்பின் தெரியாத ஆண்கள் கையில் அந்தரத்தில் தொங்கிப் போவதை வசதி என்று ஒரு அரசுக் கடிதத்தில் எழுதக் கூடாது. தயவுசெய்து அந்த வரியை இனி யாருக்கும் எழுதாதீர்கள்.

சரி, மலைக்கு வருகிறேன். மலைப்பாங்கான நில அமைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள்.

நம் மலை ரயில் 1899-ல் குன்னூர் வரை வந்தது. 1908-ல் ஊட்டியைத் தொட்டது. 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 12-க்கு 1. வெறும் தண்டவாளத்தை நம்பி அந்த ஏற்றத்தில் ரயிலை ஏற்ற முடியாது என்று நடுவில் பல்சட்டம் பதித்தார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துத்தான் மேலே வருகிறது. வீல்சேருக்கான சாய்தளத்தில் விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச ஏற்றமும் அதே 12-க்கு 1 தான். பல்சட்டம் இல்லாமல் ஒரு ரயில் ஏறத் திணறும் ஏற்றத்தை நாங்கள் இரண்டு கையால் ஏறுகிறோம். டிசம்பர் பனியில் சக்கரத்தைத் தள்ளும் வளையம் விரலை மரத்துப்போக வைக்கும். மழையில் பிடி வழுக்கும். இறக்கத்தில் உள்ளங்கைதான் பிரேக், தோல் காய்ந்து உரியும். அப்படியும் 12-க்கு 1 இருந்தால் ஏறிவிடுவோம். அதைவிட மூன்று மடங்கு செங்குத்தாகக் கட்டிவிட்டு நீலப் பலகையை மாட்டாதீர்கள்.

அந்த ரயில் பாதையை யோசித்துப் பாருங்கள். 326 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தில் இருந்து 2,200 மீட்டருக்கு மேலே, இந்த மலை முழுவதையும், எந்த இடத்திலும் அந்த ஏற்றத்தைத் தாண்டாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். 16 சுரங்கப்பாதை, ஏறக்குறைய 250 பாலம், 208 வளைவு. கடப்பாறையும் மண்வெட்டியும் பிடித்த கூலித் தொழிலாளிகள் கட்டியது. நூறு வருடத்துக்கு முன்னால் மலை முழுவதற்கும் முடிந்தது. இன்றைக்கு 90 சென்டிமீட்டருக்கு முடியவில்லை என்றால், தடையாக இருப்பது மலையாக இருக்க முடியாது.

என் அப்பா எஸ்டேட்டுக்குள் லாரித் தடம் வெட்டியவர். கொழுந்து ஏற்றிய லாரி நேராக ஏறாது என்பது அவருக்குத் தெரியும். "நேரா ஏறலைன்னா சுத்தி விடு, தானா ஏறும்" என்பார். பொறியியல் படிக்காத மனிதர், கண்ணாலேயே ஏற்றத்தைக் கணித்து மலைச்சரிவில் வளைத்து வளைத்துப் பாதை போட்டார். படுகர்களின் ஊர்களான ஹட்டிகளுக்குப் போகும் பாதைகளும் சுற்றித்தான் போகின்றன. ஊட்டி ஏரி இயற்கையாக அமைந்தது கிடையாது, 1820-களில் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது. 1848-ல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கியபோது சரிவை வெட்டி அடுக்கடுக்காகச் சமப்படுத்தினார்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் ஒரு பள்ளத்தின் இரண்டு சரிவுகளிலும் வந்தது. பார்க்கிறவர்களின் சந்தோஷத்துக்காக இந்த மலையை இருநூறு வருடமாக மனிதர்கள் வெட்டியும் நிரவியும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மலையில் இயற்கையாக இருப்பது சரிவு. படிகள் நீங்கள் டெண்டர் விட்டுக் கட்டியவை.

இதைச் சொன்னதும், காட்டை அழிக்கச் சொல்கிறாயா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கிடையாது. சோலைக்காட்டுக்குள் காங்கிரீட் போடச் சொல்ல மாட்டேன். ஒற்றையடிப் பாதைகள் ஒற்றையடிப் பாதைகளாகவே இருக்கட்டும். யானை போகும் வழியில் எனக்கு எந்தச் சாய்தளமும் வேண்டாம். நான் பேசுவது நீங்கள் ஏற்கெனவே சிமெண்ட் போட்ட, டைல்ஸ் ஒட்டிய, டிக்கெட் வாங்கும் இடங்களைப் பற்றி மட்டும்தான். எப்படியும் செலவு செய்து கட்டப்போகும் இடத்தில், எல்லோரும் போகிற மாதிரி கட்டுங்கள் என்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த ஆறு வரிப் பதிலில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததால் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பொழுதுபோக்குக்கான இடங்களும் வருகின்றன. 29-வது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகப் பொழுதுபோக்கில் பங்கெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. 44-வது பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி முடிவுச் சான்று தரக் கூடாது என்கிறது. 45-வது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வெளியான நாளில் இருந்து ஐந்து வருடத்துக்கு மிகாமல் அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017-ல் வந்தன. ஐந்து வருடம் 2022-லேயே முடிந்துவிட்டது. நீங்கள் புதுப்பித்த காட்சிமுனை அதற்குப் பிறகு கட்டியது.

2005-ல் ராஜீவ் ரதூரி என்ற பார்வைக் குறைபாடுள்ள ஒருவர், பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி செய்யுங்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2024 நவம்பர் 8 அன்று அந்த வழக்கில் வந்த தீர்ப்பு முக்கியமானது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு ஒத்துவராது, கட்டாயமாக்கும் விதிகளை மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பத்தொன்பது வருடம் ஒரு மனிதர் காத்திருந்து வாங்கிய தீர்ப்பு. 'இயலாது' என்று நீங்கள் ஒரு வார்த்தையில் முடித்தபோது எனக்கு அவருடைய நினைவுதான் வந்தது.

சென்னையைப் பாருங்கள். மெரினாவில் மணல். வீல்சேருக்கு மணலைப் போல எதிரி கிடையாது. பல வருடமாக டிசம்பர் 3-ஐ ஒட்டி, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்துக்காக, சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சில நாள்களில் கடலில் கால் நனைத்தவர்களும், அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களும் நிரந்தரப் பாதை வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு, 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை திறந்தது. செலவு ஏறக்குறைய 1 கோடியே 14 லட்சம் ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. அப்போதும் கடற்கரை என்றால் இப்படித்தான், இயலாது என்று விட்டுவிடவில்லை. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். அந்தப் பாதையில் போன ஒருவரின் வீடியோவை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பாதையின் முனையில் வண்டி நிற்கிறது, அவர் ஒன்றுமே பேசாமல் அலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்காக இங்கேயும் மரப்பலகை போட்டுவிடாதீர்கள். அது முக்கியம். இந்த ஈரத்தில் மரத்தில் பாசி பிடிக்கும், இரண்டு மழைக்காலத்தில் உளுத்துப்போகும், ஆணி மேலே வரும். என் தம்பி சொல்கிற வழி மிக எளிது. காங்கிரீட் காய்வதற்கு முன்னால் தென்னந்துடைப்பத்தைக் குறுக்கே ஒரு இழு இழுத்துவிட்டால் கோடு கோடாக விழும். அந்தக் கோட்டில் சக்கரத்துக்கும் பிடி கிடைக்கும், செருப்புக்கும் பிடி கிடைக்கும், தண்ணீரும் வடியும். கிரானைட்டைவிட மலிவு. நம் ஊரில் வீட்டு வாசல் சரிவுக்கு எல்லாக் கொத்தனாரும் இதைத்தான் செய்கிறார்கள். படிக்கும் சாய்தளத்துக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது, இடம்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்கிறான் அவன். இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கினால் உண்டு. எல்லாம் கட்டி முடித்த பிறகு மிச்சம் கிடக்கும் மூலையில் ஒட்டவைத்தால் அந்த மூன்று மீட்டர் சறுக்குதான் வரும்.

கழிவறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வீல்சேர் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். நான் பார்த்த 'மாற்றுத்திறனாளிகள் கழிவறை'களில் ஒன்றில் துடைப்பமும் பினாயில் கேனும் அடுக்கியிருந்தது, இன்னொன்றில் கதவு உள்பக்கம் திறந்ததால் வண்டியோடு உள்ளே போனால் சாத்த முடியவில்லை. வெளியே போகும் நாளில் காலையில் இருந்து நான் தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் இரண்டு முறை சிறுநீரகத் தொற்று வந்து படுத்திருக்கிறேன்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்கிறீர்கள். கட்டணத்தை நான் சந்தோஷமாகக் கட்டுகிறேன். எனக்கு வருமானம் இருக்கிறது. வாசலை அகலமாக்குங்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களோடு மூட்டு தேய்ந்த அம்மாக்களையும், நிறைமாதக் கர்ப்பிணிகளையும், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர்களையும், அறுவைச் சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வருபவர்களையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைக்கு நானும் அம்மாவும் கீழே உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில், எங்களோடு படியேற முடியாமல் பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் எண்ணினேன். வீல்சேரில் இருந்தது நான் ஒருத்திதான்.

இனி நான் கேட்பவை.

முதலாவது, இன்று முதல் நீலகிரியில் புதிதாகக் கட்டும், புதுப்பிக்கும் எந்தப் பூங்காவுக்கும் காட்சிமுனைக்கும், வரைபடத்திலேயே வாசலில் இருந்து முக்கியமான காட்சி இடம் வரைக்கும், கழிவறை வரைக்கும் ஒரு படிகூட இல்லாத ஒரு தொடர் பாதை இருக்க வேண்டும். ஏற்றம் 12-க்கு 1 தாண்டக் கூடாது, முடிந்த இடத்தில் அதைவிடக் குறைவாக இருக்கட்டும். நடுநடுவே மூச்சுவாங்கச் சமதளமும், இரண்டு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில் கொடுப்பதற்கு முன்னால், வீல்சேரில் இருக்கும் ஒருவரை வரவழைத்து அந்தப் பாதையில் அவரே தனியாக உருட்டிப் பார்க்கச் செய்யுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் பணி முடிந்ததாகக் கணக்கு முடிக்காதீர்கள். இந்த ஒன்றை நீங்கள் ஒத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஏற்கெனவே இருக்கும் இடங்களில் சின்னச் சின்னதாகச் செய்யக்கூடியவற்றை மே மாத மலர், பழக் கண்காட்சிகளுக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள். சுழல் கேட்டுக்குப் பக்கத்துக் கதவைப் பூட்டாமல் வைப்பது, வடிகால் கம்பிகளைக் குறுக்காக மாற்றுவது, கழிவறையில் அடுக்கியிருக்கும் சாமான்களை எடுத்துவிட்டுக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைப்பது, வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு வண்டிகளுக்குச் சமதளமான நிறுத்துமிடம் ஒதுக்குவது. எதற்கும் டெண்டர் தேவைப்படாது. செங்குத்தான சாய்தளங்களை இடித்துச் சரியாகக் கட்டும் வரைக்கும் அங்கே மாட்டியிருக்கும் வீல்சேர் பலகையைக் கழற்றி வையுங்கள். அதை நம்பி ஏறுகிறவர் விழுவார்.

2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வருகின்றன. அந்த இ-பாஸ் எடுக்கும் இணையப் பக்கத்திலேயே எந்த இடத்துக்கு வீல்சேர் போகும், எதுவரை போகும், கழிவறை எங்கே என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். போகாது என்றால் போகாது என்றே போடுங்கள். நாலு மணி நேரம் மலையேறி வந்து வாசலில் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

பூங்கா ஆலோசனைக் கூட்டங்களில் எங்களில் இரண்டு பேருக்காவது இடம் கொடுங்கள். டிசம்பர் 3 அன்று சால்வை போடுவதற்காக அழைக்க வேண்டாம், வரைபடம் மேசையில் விரியும் நாளில் அழையுங்கள். கூட்டத்தையும் தரைத்தளத்தில் வையுங்கள்.

கடைசியாக, எனக்கு வந்த பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்தக் காட்சிமுனைச் சாய்தளத்தை எப்போது இடித்துச் சரியாகக் கட்டுவீர்கள் என்பதைத் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். முப்பது நாள் காத்திருப்பேன். நான் கொடுத்த அளவுகளில் சந்தேகம் இருந்தால் உங்கள் பொறியாளர் ஒருவரை அங்கே அனுப்புங்கள். நான் என் வண்டியோடு வருகிறேன். என் தம்பி டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மாவும் வருவார். எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீல்சேரில் இருக்கும் ஒரு குன்னூர்க்காரி